பார்க் வேலை: ஞாயிறு காலை கூடுவோம்

அல்சூர் நண்பர்களுக்கு வணக்கம். பார்க் வேலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கக் கையில் பணமில்லை. மூன்று கட்டமாகச் செய்யலாம் என்று நினைக்கிறோம்.

முதலில் தண்ணீர். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். அதற்குள் ஊஞ்சலுக்குப் பின்னால் மழைநீர் இறங்கும் குழி தோண்டிவிட வேண்டும். போன மழையில் அங்கே கணுக்கால் வரை சேறு. ஒரு குழந்தையின் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை! 2024 கோடையில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்களே, மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் புல்தரை ஆசையை இப்போதைக்கு விடுவோம். புங்கையும் வேம்பும் போதும்.

அடுத்து நடைபாதை. எழும்பி நிற்கும் கற்களைப் பெயர்த்துச் சமமாகப் பதித்தாலே சரி. புது டைல்ஸ் வேண்டாம். மழையில் வழுக்கும், பாட்டிமார் பாடு திண்டாட்டம். மரத்தடியைச் சுற்றி சிமென்ட் பூசவும் கூடாது, வேருக்குத் தண்ணீர் இறங்காது. விளக்கு, பெஞ்ச் எல்லாம் அப்புறம்.

பார்க் மாநகராட்சியுடையது, எழுத்தில் அனுமதி வராமல் யாரும் கடப்பாரையைத் தொட வேண்டாம். மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர ஒருவர் வேண்டும்.

ஞாயிறு காலை 7 மணி, புங்க மரத்தடி. ஃபில்டர் காபி என் பொறுப்பு, டம்ளர் உங்கள் பொறுப்பு.