முகப்பில் அழகு, உள்ளே ஓதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நகரின் பழைய பகுதிகளில் ஸ்டூடியோ அபார்ட்மென்ட் (சமையலும் படுக்கையும் ஒரே அறையில் அடங்கும் வீடு) எடுத்துக் குடியிருப்பது பற்றி, சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயரமான கூரை, கனத்த சுவர், வேலைப்பாடுள்ள சன்னல், எங்கும் நடந்தே போய்விடலாம் என்று அதில் சொன்னதெல்லாம் உண்மைதான். அந்த ஆசையில்தான் நானும் நூறு வயது தாண்டிய ஒரு வீட்டின் தரைத்தளத்தில் ஒற்றை அறை எடுத்து இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஆனால் அந்த வீடுகள் ஒற்றை அறைகளாகக் கட்டப்பட்டவை அல்ல என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

முழு வீடாக இருந்தபோது ஒரு பக்கம் நுழைந்த காற்று எதிர்ப்பக்கம் வெளியேறியிருக்கும். குறுக்கே சுவர் எழுப்பி நான்கு குடித்தனமாக்கிய பிறகு எனக்குக் கிடைத்தது தெருப்பக்கத்துச் சன்னல் ஒன்று மட்டும். சமைப்பது, குளிப்பது, துணி காயப்போடுவது, தூங்குவது எல்லாம் அந்த ஒரே அறைக் காற்றில்தான்.

முதல் மழைக்காலத்திலேயே கட்டிலின் தலைமாட்டில் பெயின்ட் கொப்பளித்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். சொன்ன வாரமே ஆள் அனுப்பி, சிமெண்ட் பூசி, மேலே பளபளவென்று பெயின்டும் அடித்துக் கொடுத்தார். ஆறு மாதத்தில் ஓதம் அந்தப் பூச்சையும் தாண்டி மேலே ஏறியது. அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை. இரவெல்லாம் இருமல். அப்புறம் பழைய கட்டட வேலை தெரிந்த ஒரு கொத்தனார் வந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்துச் சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இருக்காது. மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புக் காரை அதை உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளியே காயவிடும். சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. உள்ளே சிக்கிய ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு பூத்து, கடைசியில் செங்கல்லையே உதிர்க்கிறது. அக்கறையோடு செய்த ரிப்பேர்தான் அந்தச் சுவரைக் கெடுத்தது என்று கேட்டபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

வயரிங் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட பழைய லைனில் 2000 வாட் மின்அடுப்பைச் செருகுகிறோம். 230 வோல்ட்டில் அது 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; விளக்குக்குப் போட்ட லைனுக்கு அது அதிகச் சுமை. எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் இணைப்பு) இருக்கிறதா என்று கேட்காமல் யாரும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பிரான்சில் 2002ஆம் ஆண்டின் ஓர் அரசாணைப்படி, வாடகைக்கு விடும் வீட்டின் முக்கிய அறை ஒன்றாவது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20 கன மீட்டர் கொள்ளளவாவது இருக்க வேண்டும். மனிதர் வாழ இவ்வளவு இடமாவது வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பழைய வீடுகளைப் பிரித்து விடும் எல்லா ஊர்களிலும் இப்படி ஒரு வரையறை வர வேண்டும், அதில் காற்றோட்டமும் சேர வேண்டும் என்பது என் கருத்து. முகப்புச் சன்னலின் நிறத்தை மாற்றக்கூட அனுமதி கேட்கும் பகுதிகள் உண்டு. உள்ளே ஓர் அறையை மூன்றாகத் தடுக்கும்போது, அங்கே குடியிருக்கப் போகிறவருக்குக் காற்று எந்த வழியாக வரும் என்றும் கேட்கட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களையும் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பொறியாளர்களையும் பேச வைத்து ஒரு கட்டுரை வெளியிடுங்கள். குடியிருப்பவர்களைவிட வீட்டுக்காரர்களுக்கு அது அதிகம் தேவை. சிமெண்ட் ஆகாது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், என் வீட்டுக்காரர் அதே செலவைச் சுண்ணாம்புக்குச் செய்திருப்பார்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்