பாலாற்றில் தண்ணீர் விட்ட கதை

வேலூர்,
ஆடி மாதம்.

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பரணில் நீ போட்டுவிட்டுப் போன பேஸ் கிட்டாரை உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். எடுத்ததோடு நிற்கவில்லை. பாலாற்று மணலில் கொண்டுபோய் வைத்து, அதன்மேல் வெள்ளமும் விட்டாகிவிட்டது. பதறாதே, வெள்ளம் கம்ப்யூட்டரில் விட்டது. மணல் மட்டும்தான் நிஜம்.

எங்கள் அக்கா பையனை உனக்கு நினைவிருக்கும், நீ வந்தால் உன் தோளைவிட்டு இறங்கமாட்டானே, அவன்தான் காரணம். இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். சிநேகிதர்கள் மூன்று பேரோடு சேர்ந்து ராக் பேண்டு வைத்திருக்கிறான். பேண்டின் பேரைச் சொல்லலாம் என்றால் இதுவரை மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். சொந்தமாக ஒரு பாட்டு போட்டிருக்கிறார்கள், 4 நிமிஷம் 10 விநாடி. வறண்ட ஆற்றோடு ஒருவன் சண்டை போடுகிறான், அவ்வளவுதான் பாட்டு. கடைசியில் ஆறு பதில் சொல்கிற மாதிரி தண்ணீர் வரவேண்டுமாம். "மாமா, கல்யாண வீடியோவுல தாஜ்மகாலையே கொண்டாந்தவன் நீ, பாலாத்துல தண்ணி வுட மாட்டியா?" என்று கேட்டான். இருபது வருஷமாக மாப்பிள்ளை பெண்ணை இதயத்துக்குள் அடைத்துப் புறா பறக்கவிட்டவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி என்றுவிட்டேன்.

முதலில் கோட்டையில் எடுக்கலாம் என்றார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சி, அகழி, மதில், எல்லாம் கேமராவுக்கு அழகுதான். ஆனால் தொல்லியல் துறை இடம், படம் பிடிக்க அனுமதி வாங்க வேண்டும். அதோடு அகழியில் தண்ணீர் இருக்கிறது, நமக்கு வேண்டியது தண்ணீர் இல்லாத இடம். விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றில் இறங்கிவிட்டோம். கரையெல்லாம் சீமைக்கருவேலம், நடுவில் வெள்ளை மணல். நாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த மணல் அல்ல இது, பாதிக்குமேல் லாரியில் போய்விட்டது.

சித்திரை வெயில் தெரியுமே. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். அதற்குமேல் சிம்பல் தட்டைத் தொட்டால் கை சுடுகிறது. டிரம்ஸ் மணலில் புதைந்தது, கீழே பிளைவுட் பலகை போட்டு மேலே மணலைத் தூவி மறைத்தோம். ஆம்ப்ளிஃபயர் சும்மா பொம்மை, மின்சாரம் ஏது? பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதற்கேற்ப வாசிக்கிற மாதிரி நடிக்க வேண்டும்.

ஸ்லோமோஷனுக்கு ஒரு வித்தை உண்டு, உனக்குப் பிடிக்கும். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விநாடிக்கு 50 ஃபிரேம் வீதம் படம் பிடிக்க வேண்டும். பிறகு 25 ஃபிரேமில் ஓட்டினால் உடம்பு மிதக்கிற மாதிரி அசையும், வாய் மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டும். எடுக்கும்போது பார்க்கத்தான் சகிக்காது. பாடுகிறவன் அணில் குரலுக்கு வாயசைக்கிறான், டிரம்ஸ்காரன் கைக்குச் சுளுக்கு. மாடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பசங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று என்னிடம் தனியாக விசாரித்தார்.

முதல் நாள் எடுத்தது எல்லாம் வீண். தப்பு என்னுடையதுதான். எடுத்த காட்சிக்குள் தண்ணீரை வைக்க வேண்டுமானால், கேமரா எங்கே நின்றது, எப்படி நகர்ந்தது என்று மென்பொருள் கண்டுபிடித்தாக வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கிட்டத்துக் கம்பம் பின்னால் ஓடும், தூரத்து மலை கூடவே வரும் இல்லையா? அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அது தூரத்தைக் கணக்குப் போடுகிறது. நான் கல்யாண மண்டபப் பழக்கத்தில் கேமராவின் ஆட்டம் தடுக்கும் வசதியைப் போட்டே வைத்திருந்தேன். அது உள்ளே சென்சாரைத் தன் இஷ்டத்துக்கு நகர்த்துகிறது. கை ஒரு பக்கம் போனது, படம் வேறு பக்கம் போனது, கணக்கு எப்படி ஒட்டும்?

இன்னொரு சிக்கல் மணல். பார்க்கிற இடமெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் புள்ளி எதையும் பிடித்துக்கொள்ள முடிவதில்லை, பிடித்த புள்ளியும் நழுவிப் பக்கத்து மணலுக்குப் போய்விடுகிறது. பிளெண்டர் என்கிற அந்த மென்பொருளுக்குக் குறைந்தது எட்டுப் புள்ளிகளாவது சேர்ந்தாற்போல் தெரிய வேண்டும். இரண்டாம் நாள் கூழாங்கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து முப்பது நாற்பதை ஆற்றில் இறைத்துவிட்டேன். பிழை ஒரு பிக்சலுக்குள் வந்துவிட்டது. பிறகு கல்லை எப்படி அழிப்பது என்று பையன்கள் கவலைப்பட்டார்கள். அதன்மேல்தானே தண்ணீர் வரப்போகிறது!

பிளெண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2002ல் நாம் பர்மா பஜாரில் இந்த மாதிரி வேறொரு மென்பொருளின் திருட்டு சிடி வாங்கி, பாதி நிறுவும்போதே அது செத்துப்போக, நீ கிட்டாரைத் தூக்கி அடிக்கப் போனாயே. அதே வருஷம்தான் டான் ரோசெண்டால் என்ற டச்சுக்காரர், தன் கம்பெனி மூடிய பிறகு, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் பிளெண்டரின் மூலநிரலை ஊருக்கே விடலாம் என்று முதலீட்டாளர்களிடம் பேசி முடித்து, ஜனங்களிடம் கை நீட்டினார். ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. நமக்கு அது அன்றைக்குத் தெரியாது. இன்றைக்கு இந்தப் பையன்கள் ஒரு பைசா கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல் அதில் வேலை செய்கிறார்கள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பாடுகிறவனும் டிரம்ஸும் தனியாக அந்தரத்தில் நிற்கிற காட்சிகளை ஸ்டுடியோவில் பச்சைத் துணி கட்டி எடுத்தோம். பச்சை ஏன் என்று நீ ஒரு தடவை கேட்டாய். கேமரா சென்சாரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரு பங்கு கண் என்றால் பச்சைக்கு இரண்டு பங்கு, அதனால் பச்சை சுத்தமாகப் பதியும். ஆனால் என் கேமரா வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தைக் கால்பங்காகக் குறைத்துவிடுகிறது. பச்சையை நீக்கினால் தலைமுடி ஓரம் எலி கடித்த மாதிரி நிற்கிறது. பாடுகிறவனுக்கோ தோள்வரை முடி. வெட்டிக்கொண்டு வா என்றேன், ராக் பாடுகிறவனிடம் சொல்லக்கூடாத வார்த்தையாம். சிம்பலிலும் ஸ்டாண்டின் குரோமிலும் பச்சை பிரதிபலித்து, அங்கேயும் ஓட்டை. கடைசியில் டிரம்ஸை ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் கோடு போட்டு வெட்டினேன். ரோட்டோஸ்கோப் என்று பேர் பெரிசு. மாக்ஸ் ஃபிளெய்ஷர் 1917ல் காப்புரிமை வாங்கிய வேலை, இன்றைக்கும் முதுகு வலிப்பது மட்டும் மாறவில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் வருகிற காட்சிகள் மொத்தம் 52 விநாடி, அதாவது 1300 ஃபிரேம். யூடியூபில் பாடம் பார்த்து அற்புதமான தண்ணீர் செய்திருந்தேன். நீலம், பளிங்கு, அடியில் மணல் தெரிகிறது, வெயில் பட்டு மின்னுகிறது. வெளிச்சம் பொருந்துவதற்கு ஆற்றில் ஒரு எவர்சில்வர் சொம்பைக் கவிழ்த்து வைத்து அதில் தெரிந்த வானத்தைக்கூடப் படம் பிடித்துவைத்திருந்தேன். பையன்கள் கைதட்டினார்கள். ஒரு ஃபிரேமுக்கு ஐந்து நிமிஷம், ஆக 108 மணி நேரம் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். ஓடவிடப் போகிற இரவு அம்மா மோர் கொண்டுவந்தாள். திரையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எந்த ஊர்த் தண்ணிடா?"

"பாலாறும்மா. விரிஞ்சிபுரம்."

"பாலாத்துல தண்ணி இப்டியா வரும்?"

பிறகு மோர் டம்ளரை கீபோர்டு பக்கத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்து சொன்னாள் பார், நான் எந்தப் பாடத்திலும் கேட்காதது. ஆறு அலையாக வராதாம். முதலில் நாக்கு மாதிரி ஒன்று நீண்டு வருமாம். அதன் நுனியில் தண்ணீரே தெரியாது, நுரையும் சருகும் காய்ந்த சாணியும் எறும்பும்தான். மணல் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் நடக்கிறவன் வேகம்கூட இருக்காது. வழியில் பள்ளம் இருந்தால் நின்றுவிடும், அது நிரம்புகிறவரை பொறுத்திருந்து மறுபடி கிளம்பும். தண்ணீர் வந்து தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே மணல் கறுத்துவிடும். "அதும் முன்னால நாங்க பொடுசுங்க பின்னாலயே நடந்துனு வருவோம். ஆடிப்பதினெட்டுக்கு வராத தண்ணி ஐப்பசியில வரும். வந்தா டீ மாதிரி இருக்கும், இப்டி மினரல் வாட்டராட்டம் இருக்காது." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தின்மேல் நின்று செல்போனில் எடுத்த வீடியோவைத் தேடிப் பிடித்தேன். உனக்குக்கூட அனுப்பினேன், நீ பதிலுக்கு ஐந்து கும்பிடு போட்டாய். அம்மா சொன்னது சரி. டீதான். கொஞ்சம் பால் தூக்கலான டீ.

செய்ததை அழித்துவிட்டு மறுபடி செய்தேன். தண்ணீரின் கண்ணாடித்தன்மையை எடுத்துவிட்டு, உள்ளே தெரியாத செம்பழுப்பு, மேலே மட்டும் லேசாக வானத்தின் பளபளப்பு. பிளெண்டரில் ஒரு பொருள் பட்ட இடம் நனைந்ததாகக் குறித்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, அதை வைத்து மணலைக் கறுக்க வைத்தேன். அந்த ஒரு விரற்கடைக்கு, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தண்ணீரை முன்னால் ஓடவிட்டேன். நுனியில் மிதக்க நிஜச் சருகையே ஸ்கேன் செய்து நூற்றுக்கணக்கில் தூவினேன். எறும்பு மட்டும் வைக்கவில்லை, அம்மாவிடம் சொல்லாதே. வேகத்தையும் குறைத்தேன். பாட்டின் உச்சத்தில் தண்ணீர் பாய்ந்து வர வேண்டும் என்று இருந்தது. இப்போது அவர்கள் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு நிதானமாக வந்து, பள்ளத்தில் நின்று, மறுபடி கிளம்புகிறது. பையன்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அக்கா பையன் மட்டும் மூன்று தடவை திரும்பப் போட்டுப் பார்த்தான், அப்புறம் எவனும் பேசவில்லை.

இதில் ஒரு லாபமும் உண்டு. தெளிந்த தண்ணீர் என்றால் ஒளி உள்ளே போய், வளைந்து, மணலில் பட்டுத் திரும்புகிறதையெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட வேண்டும். கலங்கல் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிமிஷம் இரண்டாகக் குறைந்தது, 108 மணி நேரம் 43 ஆனது. அந்த 43க்குள் நான்கு தடவை கரண்ட் போனது தனிக் கதை. நல்லவேளையாக வீடியோவாக வெளியே எடுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாகச் சேமித்துக்கொண்டிருந்தேன், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு எங்கள் டேபிள் ஃபேனை அதற்குக் கொடுத்துவிட்டு நாங்கள் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டோம்.

நம் வீட்டுச் சேதிகள்: அம்மாவுக்கு மூட்டுவலி மாடிப்படி ஏறும்போது மட்டும். பெரியவள் பிளஸ் டூ, என்ன படிப்பது என்று தினம் ஒன்று சொல்கிறாள். கல்யாண ஆர்டர் ஆவணியில்தான் இனி. உன் மகன் வேலை என்ன ஆயிற்று? நீ போனிலும் சொல்வதில்லை. நேரில் வந்தாவது சொல்.

படம் ஆடிப்பதினெட்டன்று வெளியாகிறது. லிங்க் அனுப்புகிறேன், தயவுசெய்து செல்போனில் பார்க்காதே. 3:21ல் தண்ணீர் உன் கிட்டார் பக்கம் வந்து, சுற்றிக்கொண்டு, நகரும். அந்த ஒரு காட்சிக்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது. கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறது, பழைய நாலும் துருப்பிடித்திருந்தன. அக்கா பையன் அதைக் கீழே வைக்க மறுக்கிறான், வாசிப்பதும் பரவாயில்லை, உன்னைவிட நன்றாகத்தான். அவனிடமே இருக்கட்டுமா, இல்லை பார்சல் லாரியில் போடட்டுமா? ஒரு வார்த்தை எழுது. பை ஜிப்பில் மணல் சிக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது, அதை மட்டும் மாற்றி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் ட்ரைபாட்