அசதிக்கு முதலில் பார்க்க வேண்டியது

அன்புள்ள மாலதி,

ஸ்கேனில் புற்றுநோய் எதுவும் இல்லை என்று வந்ததில் பெரிய நிம்மதி. "அதான் சரியாகிவிட்டதே, இன்னும் என்ன அசதி?" என்று வீட்டில் கேட்கிறார்களாமே. புற்றுநோய்க்காகத் தைராய்டை முழுசாக எடுத்தவளுக்கு உடம்பு ஓடுவதே அந்த ஒரு தைராய்டு ஹார்மோன் மாத்திரையில்தான். ஆகவே வயசு, மனசு என்று தேடுமுன் அதைப் பார்.

மாத்திரை போட்ட கையோடு ஃபில்டர் காபி என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. காபி கூடவே போனால் மருந்து குடலில் சரியாக ஏறாது. வெறும் தண்ணீரில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். காபி காத்திருக்காது என்றால் (உன்னைத் தெரியாதா!) டாக்டரிடம் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் போடலாம். அப்போது இரவுக் கால்சியத்தை மாலைக்கு நகர்த்த வேண்டியிருக்கும்.

டோஸ் மாற்றினால் பத்து நாளில் தீர்ப்புச் சொல்லாதே. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். புது அளவு நிலைக்க 6 வாரம். ரத்தம் கொடுக்கும் நாளில், கொடுத்த பிறகு மாத்திரை போடு. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் வைட்டமின் சாப்பிடுகிறாயா? டெஸ்டுக்கு 2 நாள் முன்பாவது நிறுத்து. அது டி.எஸ்.எச்.சை (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; மாத்திரை அதிகமானால் இது இறங்கும்) பொய்யாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் அசதி இன்னும் கூடும்.

உன் டி.எஸ்.எச். 0.05. புற்றுநோய் திரும்பாமலிருக்க வேண்டுமென்றே அடக்கி வைப்பது அது. ஆனால் மாத்திரை அளவு மிஞ்சினாலும் சோர்வுதான்: படபடப்பு, தூக்கமின்மை, குந்தி எழும்போது தொடை வலுவில்லாமல் போவது. சிகிச்சை நன்றாகப் பலித்த, ஆபத்து குறைந்தவர்களுக்குப் பொதுவாக 0.5 முதல் 2 வரை போதும். உன் இலக்கைத் தளர்த்தலாமா என்று டாக்டரை நேராகக் கேள். நீயாகக் குறைத்துவிடாதே.

ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பு), பி12, வைட்டமின் டி, கால்சியம் நாலையும் ஒருமுறை பார்த்துவிடு. உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரவென்றிருந்தால் கால்சியம் இறங்கியிருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார். குறட்டை இருந்தால் அதையும் சொல்.

இத்தனையும் சரியாக இருந்தும் கொஞ்சம் அசதி நிற்கலாம். அதற்குப் படுக்கையைவிட நடைதான் மருந்து. தினம் 10 நிமிடம், வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டு. மறுநாள் எழ முடியாவிட்டால் கூட்டியது அதிகம், பழைய அளவுக்கு வா. தெம்பாக இருக்கும் நாளில் துவைப்பது, மாவரைப்பது, பரண் ஒழிப்பது என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்வாயே, அதுதான் ஆளை மூன்று நாள் கவிழ்க்கும்.

அடுத்த கடிதத்தில் ஃப்ரீ டி4 (ரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன்) எவ்வளவு, மாத்திரை எத்தனை மைக்ரோகிராம் என்றும் எழுது. சித்திரையில் திருச்சிக்கு வருகிறாயா?

அன்புடன்,
வசந்தா