கன்றுக்கு இரண்டாவது ஊசி போட மருத்துவரை அனுப்பக் கோரும் மனு

அனுப்புநர்:
கறவை மாடு வளர்க்கும் சிறு விவசாயி,
ஏரிக்கரைத் தெரு.

பெறுநர்:
மண்டல இணை இயக்குநர் அவர்கள்,
கால்நடை பராமரிப்புத் துறை.

பொருள்: எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் பணியிடம் காலியாக இருப்பது – உயிருக்குப் போராடும் கன்றுக்கு உரிய நேரத்தில் ஊசி போட இயலாத நிலை – உடனே மருத்துவரை அனுப்பக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. சித்திரையில் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளித்த மனு. 2. ஆடியில் தபாலில் அனுப்பிய மனு. 3. புரட்டாசியில் தங்கள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை பெற்ற மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஒன்றேகால் ஏக்கர் மானாவாரி நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்துப் பிழைக்கிறவள். எங்கள் ஊரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் உதவி மருத்துவராக இருந்த காலத்தில் ஏரிக்கரை ஆலமரத்தடியில் மேசை போட்டுக் கோமாரித் தடுப்பூசி போட்டதை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். மழைக்காலத்தில் முழுகும் தரைப்பாலத்தையும், அதைத் தாண்டினால் வரும் ரயில்வே கேட்டையும் தாங்கள் அறிவீர்கள். அந்தத் தைரியத்தில்தான் நான்காவது முறையாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. எங்கள் மருந்தகத்தில் பங்குனி மாதம் முதல் மருத்துவர் இல்லை. பக்கத்து மருந்தகத்து மருத்துவர் கூடுதல் பொறுப்பில் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். அவர் பொறுப்பில் மூன்று மருந்தகங்கள் இருக்கின்றன. அவரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. வருகிற நாளில் மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் மாடு பார்க்கிறவர் அவர்.

2. என் ஜெர்சி கலப்பினப் பசு ஈன்ற கிடேரிக் கன்றுக்கு வயது மூன்று மாதம். சென்ற சனிக்கிழமை விடியற்காலையில் அவிழ்த்துவிட்டும் தாயிடம் ஓடவில்லை. காது தொங்கியிருந்தது. கண் பிதுங்கியது போல் தெரிந்தது. தடவிப் பார்த்தபோது காதுக்கடியிலும் தோளுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழ அளவுக்கு நெறி கட்டியிருந்தது. காய்ச்சல் 106 டிகிரி. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் மருத்துவருக்காகக் காத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை அவர் வந்து, காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டார். உண்ணி கடித்து வரும் தைலீரியா காய்ச்சலாகத்தான் இருக்கும், நாட்டு மாட்டைவிடக் கலப்பினக் கன்றை இது சீக்கிரம் சாய்த்துவிடும் என்றார். பூபார்வாகுவோன் என்ற மருந்து மருந்தகத்தில் இருப்பில் இல்லை. என் மகன் டவுனுக்குப் போய் வாங்கி வந்தான். பத்து நாள் பால் காசு அதற்குப் போயிற்று. கன்று 50 கிலோ இருக்கும். 20 கிலோவுக்கு 1 மில்லி கணக்கில் இரண்டரை மில்லி மருந்தைக் கழுத்துச் சதையில் போட்டார். அப்போது மாலை 4 மணி. போகும்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "காய்ச்சல் முழுக்க இறங்காவிட்டால் 48 மணி நேரத்துக்கு மேல் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி போட வேண்டும். விட்டுவிடாதீர்கள் அம்மா."

3. ஐயா, இதைத்தான் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். இன்று வியாழக்கிழமை இரவு. 48 மணி நேரம் முடிந்துவிட்டது. நாளை மாலை 4 மணியோடு 72 மணி நேரமும் முடிகிறது. காய்ச்சல் 104-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. நெறி பாதிதான் வற்றியிருக்கிறது. நாளை வெள்ளி, மருத்துவர் எங்கள் ஊருக்கு வர வேண்டிய நாள். ஆனால் தடுப்பூசி முகாமுக்காக அவரை வேறு ஒன்றியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று இன்று மதியம் தெரிந்தது. தொலைபேசியில் பேசினேன். "முகாம் முடிய இருட்டிவிடும் அம்மா, எப்படியாவது டவுன் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்று அவரே வருத்தப்பட்டார்.

மருந்து இருக்கிறது ஐயா. புட்டியில் பதினேழு மில்லிக்கு மேல் மீதி இருக்கிறது. வெளிச்சம் படாமல் துணியில் சுற்றி வீட்டு மாடத்தில் வைத்திருக்கிறேன். ஊசியும் சிரிஞ்சும் உறை பிரிக்காமல் பக்கத்திலேயே இருக்கின்றன. போடுவதற்குத்தான் ஆள் இல்லை. மருந்தக உதவியாளரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நல்ல மனிதர். "எனக்கு அனுமதி இல்லை அம்மா, ஏதாவது ஆகிவிட்டால் என் வேலை போய்விடும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம். இலவச ஆம்புலன்ஸ் வண்டிக்கு மூன்று முறை அழைத்தோம். இந்த வாரம் வண்டி வேறு பக்கம் போகிறது, திங்கட்கிழமை பதிந்துகொள்கிறோம் என்கிறார்கள். திங்கட்கிழமை வரை இந்தக் கன்று இருக்குமா?

டவுனுக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று தாங்கள் கேட்கலாம். ஆடியில் அனுப்பிய மனுவிலேயே இதை எழுதியிருந்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன். இதே நோய், இதே கொட்டகை, மற்றொரு பசுவின் கன்று. அப்போதும் மருத்துவர் இல்லை. ஊசி போடுகிறேன் என்று வந்த ஒருவர் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு மருந்தைப் போட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் வீணாயிற்று. மூன்றாம் நாள் மகன் மொபெட் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கன்றை மடியில் போட்டுக்கொண்டு 17 கிலோமீட்டர் கிளம்பினோம். சேலைத் தலைப்பை நனைத்து அதன் தலைமேல் போட்டிருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு ரயில் போய், அடுத்த ரயிலுக்காகத் திறக்காமலே நின்றது. அங்கே, அந்த வெயிலில், என் மடியிலேயே அது கழுத்தைத் தொங்கவிட்டுவிட்டது. கேட் திறந்து எல்லா வண்டியும் போன பிறகும் நாங்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். பிறகு வந்த வழியே திரும்பினோம். அந்தப் பசு ஒன்பது நாள் பால் இறக்கவில்லை. கொட்டகை வாசலைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தது. மடி கல்லாகி, அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று.

இப்போதைய கன்றுக்கு மூச்சு வாங்குகிறது. ஈறு வெளுத்துக் கிடக்கிறது. இரத்தம் குறைந்திருக்கிறது, அலைக்கழிக்கக் கூடாது என்று மருத்துவரும் செவ்வாயன்றே சொல்லியிருந்தார். இன்னும் வெளுத்தால் தாய்ப்பசுவின் இரத்தத்தையே எடுத்து ஏற்றலாமாம். பெரிய மருத்துவமனைகளில் செய்கிறார்களாம். தாய்ப்பசு பத்தடி தூரத்தில் கட்டியிருக்கிறது. மருத்துவர்தான் இல்லை.

4. வளர்ப்பவள் கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று யாரும் கோப்பில் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். முதல் கன்று செத்த மறுநாளே கொட்டகைச் சுவரின் வெடிப்புகளையெல்லாம் அடைத்துச் சுண்ணாம்பு அடித்தோம். உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து மாடுகளுக்குத் தெளித்தோம். தினமும் காதுக்குள்ளும் தொடை இடுக்கிலும் பார்த்து உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெயில் போடுகிறேன். இந்த ஆறு நாளாகக் கன்றை வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருக்கிறேன். ஒரே பக்கம் கிடந்தால் புண் வந்துவிடும் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறேன். தாயின் பாலைக் கறந்து, இளஞ்சூட்டில், விரலைச் சப்ப வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். உப்பும் வெல்லமும் கலந்த நீரும் அப்படித்தான். புட்டியில் ஊற்றிப் புகட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும் என்ற பயம். ஒரு ஆழாக்குப் பால் உள்ளே போக அரை மணி நேரம் ஆகிறது. இரவு முழுவதும் தலையை என் முழங்காலில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். என்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறேன் ஐயா. அந்த ஒரு ஊசி மட்டும் என்னால் முடியாதது.

5. சித்திரை மனுவுக்கு "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. ஆடி மனுவுக்கு ஒன்றும் வரவில்லை. புரட்டாசி மனுவுக்கு "முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. எதை முடித்தார்கள்? மருத்துவர் வந்தாரா? மருந்து வந்ததா? காலியாக இருந்த நாற்காலி இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. பாலுக்குக் கொழுப்புக் குறைந்தால் அன்றைக்கே காசு குறைக்கிறார்கள். மாட்டுக் கடனுக்குத் தவணை ஒரு நாள் தவறினால் வீட்டு வாசலுக்கு ஆள் வருகிறது. மருத்துவர் இல்லை என்று மூன்று முறை எழுதியும் யாரும் வரவில்லை என்றால் நான் வேறு யாரிடம் போவது? கோபத்தில் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைத்தால், ஆம் ஐயா, கோபம்தான். ஒரு கிடேரி வளர்ந்து பால் சொம்பு நிறைய இரண்டரை, மூன்று வருடம் ஆகும். ஒரே வருடத்தில் இரண்டு கிடேரிகளை இழந்தால் என்னைப் போன்றவள் மாடு வளர்ப்பதையே விட்டுவிட வேண்டியதுதான். எங்கள் தெருவில் மட்டும் இந்த வருடம் நான்கு வீட்டில் கொட்டகை காலியாகிவிட்டது.

6. ஒரு மருத்துவரை அனுப்புங்கள் ஐயா. நாளை மாலை நான்கு மணிக்குள்.

தாங்களும் கால்நடை மருத்துவம் படித்தவர். 48 மணி, 72 மணி என்றால் என்ன என்பது என்னைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும். நிரந்தர மருத்துவரை நியமிக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், நாளாகும் என்றால் அதையும் புரிந்துகொள்கிறேன். அதுவரை வாரத்தில் நான்கு நாளாவது ஒருவர் வரவும், பூபார்வாகுவோன் மருந்து மருந்தகத்திலேயே இருப்பில் இருக்கவும், முகாமுக்கு மருத்துவரை அழைத்துக்கொள்ளும் நாளில் அவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பவும் ஆவன செய்ய வேண்டும். இவையெல்லாம் பிறகு. முதலில் இந்த ஒரு ஊசி. முகாமுக்குப் போகும் மருத்துவரை ஒரு மணி நேரம் விடுவித்தால்கூடப் போதும்.

இந்த மனுவைத் தபாலில் அனுப்பவில்லை. என் மகன் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுப்பான். தாங்கள் படித்துப் பதில் சொல்லும்வரை அவன் வாசலிலேயே நிற்பான். தயவுசெய்து அவனைத் தபால் பிரிவுக்குப் போகச் சொல்ல வேண்டாம். வருகிற மருத்துவரை அவனே வழிகாட்டி அழைத்து வருவான். நேற்றைய மழையில் தரைப்பாலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது, கார் வராது. ரயில்வே கேட்டிலேயே நிறுத்திக்கொள்ளட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டரைக் காலை எட்டு மணியிலிருந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைக்கிறோம். சுடுநீரும் சோப்பும் விளக்கும் தயாராக இருக்கும்.

ஒரு மருத்துவரை அனுப்புமாறு மீண்டும் தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், மருந்து வாங்கிய ரசீதின் நகல், மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல்.

பின்குறிப்பு: மேற்கண்டதை எழுதி முடித்தபோது இரவு ஒன்றரை மணி. காய்ச்சல் மறுபடி 104.6. இப்போது விரலைச் சப்ப மாட்டேன் என்கிறது.