எந்த பிரேக் என்று கேட்கவில்லை

சுங்கை சிப்புட், மலேசியா,
புரட்டாசி மூன்றாம் சனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தம்பி பட்டர்வொர்த்திலிருந்து வந்து, அடுப்படிக் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்துவிட்டுப் போனான். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இப்போது ஒழுகுகிறது. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், நீயும் நன்றாக இருக்கிறேன் அப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். தம்பியிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். அவன் படிக்க மாட்டான், என் கையெழுத்து அவனுக்குப் புரியாது.

நீ அனுப்பிய செய்தி வந்தது. "தீபாவளிக்கு வருவது நிச்சயமில்லை அப்பா. நாங்கள் ஒரு பிரேக் எடுத்துக்கொள்கிறோம்." அதன் கீழே ஒரு சிரிக்கும் பொம்மை. நாங்கள் என்றால் நீங்கள் இருவருமா? இருவரும் சேர்ந்து எதிலிருந்து? நான் கேட்கவில்லை. நீ பதில் எழுத வேண்டும் என்பதும் இல்லை. வேலை அதிகம் என்று எனக்குத் தெரியும். பசியாறாமல் மட்டும் வேலைக்குப் போகாதே.

தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்து, லண்டனுக்குப் போகிற கடிதங்களையெல்லாம் தட்டச்சு செய்தவன் நான். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றுக்காக மேல் அலமாரியிலிருந்து அகராதியை இறக்கித் தூசி தட்ட வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. ஆக்ஸ்ஃபர்ட் பேரகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைச்சொல் ஒன்றுக்கே 645 பொருள் எண்ணி வைத்திருக்கிறார்களாம். அதற்கு முன்னால், 1989 பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் 430 பொருளோடு பெரிய ஆளாக இருந்தது. 'பிரேக்' அந்த அளவுக்கு இல்லை. ஆனால் அந்த இரண்டும் என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

நமக்குக் கண்ணாடி உடையும், கிளை முறியும், கயிறு அறும். மலாய்க்காரர்களும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள்: கண்ணாடி என்றால் பெச்சா, குச்சி என்றால் பாத்தா, கயிறு என்றால் புத்துஸ். சொல்லைக் கேட்டதுமே என்ன போயிற்று, ஒட்ட வைக்கலாமா கூடாதா என்று தெரிந்துவிடும். வெள்ளைக்காரனுக்கு மூன்றும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் ரேஹாட், அதாவது இடைவேளை, மணி அடித்தாலும் அதே சொல். சட்டத்தை மீறினாலும் அது, வாக்குத் தவறினாலும் அது, ஐம்பது வெள்ளி நோட்டைக் கொடுத்துச் சில்லறை வாங்கினாலும் அது. காய்ச்சல் விட்டால் அது. மீசை அரும்பும் வயதில் பையன்களுக்குக் குரல் மாறினால் அதுவும் அதுதான். முரட்டுக் குதிரையை அடக்கிப் பழக்குவதையும் அப்படியே சொல்கிறார்கள். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நல்ல பொருளும் இருக்கிறது. நெடுநாள் காத்திருந்தவனுக்கு வழி திறந்தால் அதையும் பிரேக் என்பார்களாம். உனக்கு மெல்பர்ன் வேலை கிடைத்த அன்று பெரிய மாமா கோயில் வாசலில் நின்று நாலு பேர் கேட்க அப்படித்தான் சொன்னார். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவனின் மகள் என்று இன்னும் ஊரில் சொல்கிறார்கள். எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைக்காக நீ எதையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்று நான் எப்போதும் சொன்னதில்லை, அதையும் நினைவில் வைத்துக்கொள்.

ஸ்நூக்கர் ஆட்டத்தில் இதற்கு ஒரு பொருள் இருக்கிறது, சித்தப்பாவுக்குத் தெரிந்த பொருள். துரைமார் கிளப்பில் அவன் மார்க்கராக இருந்தபோது நான் கணக்குப் புத்தகம் கொடுக்கப் போவேன். பச்சைத் துணி போட்ட மேசை, மேலே தாழ்வாகத் தொங்கும் விளக்கு, சித்தப்பா சுவரோரம் நின்று பலகையில் எண்ணை நகர்த்திக்கொண்டே இருப்பான். ஒருவன் ஒரு பந்தையும் தவறவிடாமல் குழியில் தள்ளிக்கொண்டே போனால், அந்த ஓட்டத்தில் சேர்ந்த புள்ளிகளுக்குப் பெயர் பிரேக். பதினைந்து சிவப்பு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பு, கடைசியில் ஆறு வண்ணப் பந்து என்று ஒழுங்காக முடித்தால் 147. அதற்கு மேல் போக, எதிராளி ஏதாவது தப்பு செய்தால்தான் உண்டு. உடைவது என்று பெயர் வைத்துவிட்டு உடையாமல் போகிறதை எண்ணுகிறார்களே என்று நான் சித்தப்பாவைக் கேட்டேன். துரையைக் கேள் என்று சொல்லிச் சிரித்தான். எதிராளி அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை. நீ சொன்னது இந்தப் பொருள் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

வேலையிலிருந்து ஓய்வு என்றால் தாராளமாக எடுத்துக்கொள். பால்மரத்துக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கத்தி வைத்தோம். தினமும் வெட்டினால் பால் தண்ணீராகிப் பட்டை காய்ந்துபோகும். நீ எட்டு மணிக்குப் போய் எட்டு மணிக்கு வருகிற ஆள். சம்பளம் போனால் போகட்டும். பசியாறு, தூங்கு. எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. ஆபீஸ் தாளைச் சொல்கிறேன்.

தமிழில் எழுதுவதில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. வண்டியை நிறுத்துகிற பிரேக்குக்கு ஆங்கிலத்தில் எழுத்து வேறு, நம் எழுத்தில் இரண்டும் ஒன்று. உன் செய்தியை நான் படித்துக் காட்டியதும் அம்மா, "காரில் பிரேக் போய்விட்டதா? மாற்ற எவ்வளவு கேட்பார்கள்?" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவளுக்கு இதே கவலை. மாப்பிள்ளை வேகமாக ஓட்டுவார், மலைப்பாதையில் போகவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று காலையில் ஒருதரம், விளக்கு வைத்த பிறகு ஒருதரம். சீட்டுப் பணத்திலிருந்து ஐந்நூறு வெள்ளியைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறாள். வந்தால் வாங்கி வைத்துக்கொள். கேட்டால் சரிசெய்து விட்டோம் என்று சொல்.

தாத்தா காலத்தில் தோட்டங்கள் உடைந்த கதை உனக்குத் தெரியும். 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று நம் ஆட்கள் பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் உன் சொல்லோடு ஒரு 'அப்' சேர வேண்டும். நிலத்தைப் பங்கு போட்டார்கள், மரத்தைப் பங்கு போட்டார்கள், லயத்தில் இருந்த சனம் யார் பங்கிலும் வரவில்லை. 1960-இல் நம் ஊர் அமைச்சர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். தாத்தா பாட்டியிடம் சொல்லாமல் கட்டினார். பாட்டி பேச்சை நிறுத்திவிட்டாள், ஒரே அடுப்பு, ஒரே பாய், பேச்சு மட்டும் இல்லை. பிறகு யார் முதலில் பேசினார்கள் என்பதில் கடைசிவரை இருவருக்கும் வழக்கு. நீட்டுகிற தாளில் கைநாட்டு வைக்காதே என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் சொல்கிறேன். அங்கே வக்கீல்கள் சீக்கிரம் வேலையை முடித்துவிடுவார்கள் என்று கேள்விப்படுகிறேன். பொதுவாகச் சொல்கிறேன்.

ஆனால் எல்லாவற்றிலும் நான் தாத்தா மாதிரி இல்லை. சின்ன அத்தை கம்பாரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய இரவு அவர் என்ன செய்தார் என்பதை நீ அத்தை வாயாலேயே கேட்டிருக்கிறாய். இந்த வீடு என் பேரில் இருக்கிறது. கடனும் முடிந்துவிட்டது. முன் அறையில் தம்பியின் பழைய மேசையை எடுத்துவிட்டேன், மின்விசிறியும் புதிது. யார் எதற்காக வந்தாய் என்று கேட்டாலும் பதில் சொல்ல வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். விமானம் நள்ளிரவில் வந்தாலும் தம்பி வந்து கூட்டிக்கொண்டு வருவான், அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடியாத நிலை என்றால் விட்டுவிடு. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் வாய் அதிகம், அதை நிச்சயத்தின் போதே பார்த்தோம். அவருடைய அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. இன்று பெருமாள் கோயிலில் சம்பந்தி என்னைப் பிடித்துக்கொண்டு, புரட்டாசி விரதத்தில் நின்றுகொண்டே, தீபாவளி ஆட்டிறைச்சிக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு கிலோ போதுமா என்று கேட்டார். கடைக்காரனிடம் ஐப்பசி பிறந்து சொன்னால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா