பின் அடித்த 16 பக்கங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவ வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும் நாவல்களில் உடம்பு சமாச்சாரமெல்லாம் எதற்கு, கதை என்றால் கதையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ரெண்டு நாள் கழித்து இன்னொருவர், எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தெளிந்துவிடும் என்று பதில் போட்டிருந்தார். ரெண்டு பேருமே நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் இருவரில் ஒருவராவது அப்படி ஒரு நாவலை முழுசாகப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஒன்றே ஒன்று படித்திருக்கிறேன், அதுவும் படித்தே ஆக வேண்டிய நிலைமை வந்ததால்.

நான் இருப்பது குமுளி. பிறந்தது கம்பம், கட்டிக்கொடுத்தது இங்கே. மாடியில் மூன்று அறை போட்டு, தேக்கடி பார்க்க வருகிறவர்களுக்கு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பும்போது பெட்டி கனக்கிறதென்று ஸ்வெட்டர், பாதி தீர்ந்த சன் க்ரீம், படித்து முடித்த புத்தகம் எல்லாவற்றையும் கட்டிலடியிலேயே விட்டுப் போய்விடுவார்கள். ஸ்வெட்டர் துணி துவைக்க வரும் அக்காவுக்கு, புத்தகம் எங்கள் பகுதி வாயனசாலைக்கு. நூலகத்தைத்தான் சொல்கிறேன், கேரளத்தில் மூலைக்கு மூலை உண்டு, இங்குள்ள தமிழ் ஆட்களும் வாயனசாலை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே ஆங்கிலத்துக்கென்று ஒரு தட்டு இருக்கிறது, அதில் முக்கால்வாசி நான் கொடுத்தது. கமிட்டியில் பெண்கள் தரப்பில் ஒருத்தி வேண்டும் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். பல வருடமாக அந்தத் தட்டைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. யாரும் அதிலிருந்து எடுத்துப் படித்ததில்லை, அதனால்தான்.

ஜூன் 19 இங்கே வாசிப்பு தினம், கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என்.பணிக்கர் நினைவு நாள். அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றி மூன்று நிமிடம் பேச வேண்டும், பாதிப் பேர் பின்னட்டையை ஒப்பித்துவிட்டு உட்காருவார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண், ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் குடும்பம், ஜூடி புளூம் எழுதிய 'ஃபாரெவர்' நாவலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். 1975-ல் அமெரிக்காவில் வந்த புத்தகம். பள்ளிக்கூடக் கடைசி வருடத்தில் ஒரு பெண்ணும் பையனும் விரும்புகிறார்கள், நெருங்கிப் பழகுகிறார்கள், அப்புறம் பிரிந்துவிடுகிறார்கள். அவள் சொன்னது மொத்தமே அவ்வளவுதான். கடைசியில், "இதுல அந்தப் பொண்ணு சாகவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கைதட்டல் வர கொஞ்ச நேரம் ஆனது.

பிற்பாடு தெரிந்துகொண்டேன், அந்த நாவல் எழுதப்பட்டதே அதற்காகத்தானாம். காதலித்த பெண் கடைசியில் தண்டனை அனுபவிக்கிற கதையாகவே படித்துச் சலித்துப்போன எழுத்தாளரின் மகள், ரெண்டு நல்ல பிள்ளைகள் சேர்ந்து பழகியும் யாரும் சாகாத ஒரு கதை எழுதேன் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அந்த ஊரிலேயே அப்படியென்றால் நம் ஊரைச் சொல்லவே வேண்டாம். நான் பெரிய மனுஷியான காலத்தில் எனக்கு இந்த விஷயத்தில் வாத்தியார் சினிமாதான்: மழை பெய்யும், ரெண்டு பூ உரசும், அடுத்த காட்சியில் கதாநாயகி வாந்தி எடுப்பாள், டாக்டரம்மா நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுவார், இடைவேளைக்குப் பிறகு அவள் கிணற்றிலோ ரயிலடியிலோ கிடப்பாள். மழையில் நனையாமல் இருந்தால் போதும் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன், சிரிக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் கமிட்டியில் மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அதற்கு அடுத்த நாள் திரும்பி வந்து, "ஏம்மா, இதையா பிள்ளைங்க கையில குடுக்கறது? முழுசாப் படிச்சேன், ராத்திரி ரெண்டு மணி ஆயிருச்சு" என்றார். ரெண்டு மணி வரைக்கும் ஏன் அண்ணே உட்கார்ந்து படித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, மரியாதைக்காக. போனை எடுத்து, "அமெரிக்காக்காரனே தடை பண்ணிட்டான், பாரு" என்று காட்டினார். அது பொய்யில்லை. 2024 ஆகஸ்டில் யூட்டா மாநிலம் தன் அரசுப் பள்ளிகளிலிருந்து 13 புத்தகங்களை மொத்தமாக எடுக்கச் சொன்னது, அந்தப் பட்டியலில் இதுவும் உண்டு, வெளிவந்து 49 வருடம் கழித்து. 2025-ல் அதே நாவலை இந்தக் காலத்துக்கு மாற்றித் தொடராக எடுத்து நெட்ஃபிளிக்ஸில் விட்டார்கள், அதை எந்தப் பள்ளிக்கூடம் எப்படி எடுக்கும் என்று தெரியவில்லை.

எங்கள் கமிட்டி தடை எல்லாம் போடவில்லை. அவ்வளவு தூரம் போக யாருக்கும் மனசில்லை, அரை மணி நேரம் பேசி ஒரு சமரசம் செய்தார்கள். மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து, எட்டுத் தாளை, அதாவது 16 பக்கத்தை, மேலே ஒன்று நடுவில் ஒன்று கீழே ஒன்று என்று பின் அடித்து மூடித் திரும்பத் தட்டில் வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து நான் தூசி தட்டும்போது எடுத்துப் பார்த்தேன். பின் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதன் பக்கத்தில் காலியான பழைய ஓட்டைகள், ஓரத்தில் இரண்டு ஜோடி, நடுவில் மூன்று. பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பப் பின் அடித்து வைத்திருக்கிறார்கள், ஒருவர் அல்ல. பதிவேட்டைப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை அதுவரை இரவல் எடுத்தது இரண்டே பேர், அந்தப் பெண்ணும் நம் அண்ணனும்.

அன்றைக்கு ராத்திரி நானும் ஊக்கு வைத்து நெம்பிப் படித்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய இடம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன், முதலில் எழுதிய வாசகர் பயப்படுவதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, தட்டில் வயது எழுதி ஒட்டியிருக்க வேண்டும், ஒட்டாதது என் தப்பு. ஆனால் பின் அடிக்காத பக்கங்களில்தான் விஷயம் இருந்தது. பையன் அவசரப்படுகிறான், இவள் இப்போது வேண்டாம், எனக்கு இன்னும் மனசு வரவில்லை என்கிறாள், ஒரு தடவை இல்லை, பல தடவை, அப்படிச் சொல்லியும் உறவு முறிந்துவிடவில்லை. பாட்டி ஒருத்தி, குடும்பக் கட்டுப்பாட்டுத் துண்டுப்பிரசுரங்களைப் பேத்திக்குத் தபாலில் அனுப்பிவைக்கிறாள். பாட்டியா என்று நம் அண்ணனுக்கு அதுதான் ரொம்பக் கோபம். காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி மலைக்கு வரும் ஏலக்காய் எடுக்கிற கிழவிகள் பேசுகிற பேச்சை அவர் ஒரு நாள் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் ஓட்டை போட்டு எதைத் தேடினார்கள் என்று நான் நினைத்ததும் தப்பு. கொஞ்ச நாள் கழித்து ஒரு பிள்ளை, யாரென்று சொல்ல மாட்டேன், வாயனசாலையில் எல்லோரும் போன பிறகு வந்து கேட்டது இதுதான்: "ஆன்ட்டி, போட்டோ அனுப்பலேன்னா பேச மாட்டேன்னு சொல்றாங்க, எல்லாரும் அனுப்பிருக்காங்களாம். அந்தப் புக்ல அப்படி யாராவது கேப்பாங்களா? அந்தப் பொண்ணு என்ன சொல்லுவா?" எனக்கு ஒரு நிமிடம் வாய் வரவில்லை. 1975-ல் போனாவது போட்டோவாவது. அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. அதற்கு வேண்டியிருந்தது அறிவுரையோ சட்டமோ கிடையாது, திருப்பிச் சொல்வதற்கு ஒரே ஒரு வரி, சொன்னால் கூட்டத்தில் கேலிப்பொருளாக ஆகாத மாதிரி. நான் யோசித்து, "எங்கம்மா தினம் என் போனை நோண்டுவாங்க, மாட்டினா ரெண்டு பேருக்கும் அடி" என்று சொல்லச் சொன்னேன், பொய்தான், ஆனால் அன்றைக்கு வேலை செய்தது. 1098-ஐயும் சொன்னேன், குழந்தைகளுக்கான எண், காசு கிடையாது.

சட்டத்தையும் பிறகு சொன்னேன். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்த ஒரு வழக்கைத் திரும்ப எடுத்து, 18 வயதுக்குட்பட்டவர்களின் அந்த மாதிரிப் படத்தைப் போனில் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று சொன்னதே, அதே தீர்ப்பில்தான் பாலியல் கல்வி என்பது மேற்கத்தியச் சரக்கு என்ற நினைப்பு தப்பு என்றும் எழுதியிருக்கிறார்கள். கேட்கிற பையனுக்கு இது தெரியாது. அவன் கெட்டவனும் இல்லை, அவனை நாலு பேர் உசுப்பி விட்டிருப்பார்கள், "நீயெல்லாம் ஒரு ஆம்பளையா" என்று. அந்தப் பையனுக்கும் ஒரு வரி வேண்டும், அவன் பக்கத்தைப் பற்றி யாரும் கடிதம் எழுதக் காணோம்.

இதை எங்கே சொல்லிக்கொடுப்பது? 2005-ல் வளரிளம் பருவக் கல்வி என்று மத்திய அரசு தொடங்கியதை 2007-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தின, 2009-ல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் வேண்டாம் என்றே அறிக்கை கொடுத்தது. குறளுக்கே அந்தக் கதிதான்: 2016-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை குறள் நடத்தச் சொன்னது அறத்துப்பாலும் பொருட்பாலும் சேர்ந்த 108 அதிகாரம், காமத்துப்பால் 25 அதிகாரமும் வெளியே. வள்ளுவருக்குமே பின் அடித்தாயிற்று. எங்கள் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் உடல்நலக் கையேடு கொடுத்தார்கள், நல்ல தாள், வண்ணப் படம், முழுக்க மலையாளம். தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளை மலையாளம் பேசும், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இந்த மாதிரி விஷயத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எழுத்து ஓடாது. கடைசியில் ஏரோப்ளேன் விட்டார்கள்.

வீட்டிலோ கேட்கவே வேண்டாம். என் நாத்தனார் மகளுக்குக் கம்பத்தில் சடங்கு வைத்தபோது ரோட்டில் பத்தடிக்கு ஃப்ளெக்ஸ், மயில் மேல் அவளை உட்காரவைத்து, சுற்றிலும் தாய்மாமன்கள் படம். ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. மண்டபத்தில் மணையில் உட்கார்ந்தபடி அவள் என் காதில், "அத்தை, இது மாசா மாசம் வருமா?" என்று கேட்டாள்.

எய்ட்ஸும் அப்படித்தான் வந்தது நமக்கு. இந்தியாவில் முதன்முதலில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1986-ல், சென்னையில், சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பிறகு புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று ஊர் ஊராகப் பலகை வைத்தார்கள், கம்பம் பஸ் ஸ்டாண்டில் வாண்டுகள் வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தன, ஏன் வரும் எப்படி வரும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. இந்த இடத்தில் 'ஃபாரெவர்' நாவலையும் நான் குறை சொல்வேன். அது எய்ட்ஸுக்கு முந்தைய புத்தகம், கர்ப்பம் ஆகாமல் இருந்தால் சரி என்கிற காலம். பிற்பாடு வந்த பதிப்புகளில் எழுத்தாளரே, இப்போது அது போதாது, நோயிலிருந்தும் காத்துக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு சேர்த்தார். அதோடு அந்த ஊர்ச் சட்டம் வேறு, நம் சட்டம் வேறு. இங்கே 2012 போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே செல்லாது, பதினேழு வயதுப் பையன் மேலும் வழக்கு வரும். இதற்குப் பயந்தே கர்ப்பமான பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் கண்டதைத் தின்று உயிருக்கு வினை தேடிக்கொள்கிறார்கள். கருக்கலைப்புக்கு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குச் சொல்லும்போது அவள் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது எத்தனை அம்மாக்களுக்குத் தெரியும்? எனக்கே இந்த ஸ்டேப்ளர் பஞ்சாயத்துக்குப் பிறகுதான் தெரியும்.

அதனால் உங்கள் இரண்டு வாசகர்களுக்கும் நான் சொல்வது, அந்த 16 பக்கத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளாதீர்கள். நியூ ஜெர்சியில் நடக்கிற கதையைப் பிள்ளைகள் பின்னைப் பிரித்துப் படிப்பது நம்மிடம் அந்த மாதிரி எதுவும் கையில் கிடைக்காததால். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் டியூஷனும் அந்தப் பக்கம் வீடுமாக இருக்கிற ஒரு பிள்ளை, ஜீப்பில் கடைசி சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு, அந்த மெசேஜுக்கு என்ன பதில் போடுகிறது, ஆஸ்பத்திரிக்கு யாரோடு போகிறது, அங்கே நர்ஸ் சேச்சி மலையாளத்தில் என்ன கேட்கிறார், இதையெல்லாம் யாராவது தமிழில் எழுதுங்கள். பிரசங்கம் வேண்டாம், நடுவில் டீச்சர் வந்து லெக்சர் கொடுத்தால் பிள்ளைகள் அந்தப் பக்கத்துக்குத்தான் பின் அடிக்கும். யாரையும் கிணற்றில் தள்ளிவிடாதீர்கள், அது ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி முடிவெடுக்க வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவேட்டின்படி அது இப்போது என் பெயரில் இருக்கிறது. என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு வாசகி,
குமுளி