பம்புசெட் சத்தத்தில் கேட்ட குரல்

மனநல மருத்துவம் படித்து, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயில் ஆய்வு செய்யக் கிளம்பும் இளம் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. மன்னார்குடிப் பக்கம் 12 மா (சுமார் நாலு ஏக்கர்) நிலத்தில் விவசாயம் பார்க்கிறவன். என் தம்பிக்கு 1996-ல், 22 வயதில் இந்த நோய் வந்தது. பம்புசெட் ஓடும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குள் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்வான். மோட்டாரை நிறுத்தினால் திட்டும் நின்றுவிடும். காற்று கருப்பு என்றார்கள். திருவிடைமருதூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், கிழக்கு வாசலில் நுழைந்து வேறு வாசல் வழியாக வெளியே வந்தோம். வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி அந்தக் கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டதாம். எங்களைப் பிடித்தது கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது. அப்புறம் குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூன்று வருடம் ஓடியிருந்தது. சிகிச்சை இல்லாமல் கழியும் அந்தக் காலம் நீள நீள நோய் தேறுவது கடினம் என்பது உங்களுக்குப் பாடம். எங்களுக்கு அதை அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. கோயிலைக் குறை சொல்லவில்லை. இன்றைக்கும் போகிறோம், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல வருடம் முன்பு மேற்படிப்பு மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்காக வீட்டுக்கு வந்தார். நல்ல பையன். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் போட்டுக்கொண்டார். அம்மா மோர் கொடுத்தார். கிளம்பும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எங்களுக்கு அப்புறம் இவன் எப்படி இருப்பான் தம்பி?” அதற்கு அவர் தாளில் கட்டம் இல்லை. திரும்பவும் வரவில்லை.

அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நோயாளிகளோடு கூடவே வயதாகிற ஆய்வு வேண்டும். சென்னையில் அது நடந்திருக்கிறது. நோய் தொடங்கிய புதிதில் சிகிச்சைக்கு வந்த 90 பேரை 1981-லிருந்து பின்தொடர்ந்தார்கள். மனநல மருத்துவர் தாரா எழுதிய 20 ஆண்டுக் கணக்கில் 61 பேர் இருக்கிறார்கள். மற்றவர்களில் இறந்தவர்கள் உண்டு, தேடியும் கிடைக்காதவர்கள் உண்டு. வேலைக்குப் போனார்களா, கல்யாணம் ஆனதா, அது நிலைத்ததா என்றெல்லாம் பார்த்தார்கள். ஒருவர் தன் உத்தியோக காலம் முழுவதையும் இதற்குக் கொடுத்தால்தான் அப்படி ஒரு கணக்கு கிடைக்கும். மூன்று வருட ஆய்வேட்டில் கிடைக்காது.

இன்னொன்று. 1960-களின் கடைசியில் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் ஓர் ஆய்வைத் தொடங்கியது, இந்தியாவில் ஆக்ராவில். பணக்கார நாடுகளைவிட இங்கே நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று வந்தது. கூட்டுக்குடும்பமும் விவசாய வேலையும் காரணமாக இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அது சரியில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. என் கட்சி என்ன என்றால், எங்கள் வீட்டில் அது பாதி உண்மை. தம்பி மாத்திரை மயக்கத்தில் பத்து மணிக்குத்தான் எழுவான். யாரும் எதுவும் சொல்லவில்லை. நாற்றுக்கட்டு தூக்கினான், களத்தில் நெல் தூற்றினான், மாடு பிடித்தான். ஒரு நாள் வராவிட்டால் சித்தப்பா பார்த்துக்கொள்வார். அவனை ‘வேலையில்லாதவன்’ என்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது வந்து பாருங்கள். நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின். ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. மாடு இல்லை. சித்தப்பா பிள்ளைகள் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தாலும் தம்பிக்கு வயலில் ஒரு வேலையும் கிடையாது. திண்ணையில் உட்கார்ந்து மிஷினைப் பார்க்கிறான். குரல் இப்போது குறைவுதான். ஆனால் பேச்சும் குறைந்துவிட்டது. மருந்தாலா, வயதாலா, வேலை போனதாலா? எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது உங்கள் தொழில். குடும்பமும் வயலும் காப்பாற்றின என்று அன்று சொன்னார்களே, அந்த இரண்டும் சுருங்கிய பிறகு டெல்டாவில் என்ன ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆக்ராவுக்குப் போக வேண்டாம், திருத்துறைப்பூண்டி பஸ் ஏறினால் போதும்.

வந்தால் எங்களையும் எண்ணுங்கள். அம்மா தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்: ‘தூங்கினான்’, ‘ஊசி’, ‘மோட்டார் சத்தம், அழுதான்’, ‘தானாகக் குளித்தான்’. 19 வருடத் தாள்கள், ட்ரங்கு பெட்டியில். கண் மங்கியதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். கொஞ்சம் செல் அரித்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் வந்தால் நல்லது. எடுத்துக்கொண்டு போகாதீர்கள், இங்கேயே திண்ணையில் உட்கார்ந்து படியுங்கள். தம்பியிடம் முதலில் கேட்டுவிட்டுப் படியுங்கள். அவனைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
அவன் அண்ணன்
மன்னார்குடி வட்டம்